சாலை சேர்த்துக்கொள்ளாத வண்டி

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் பெயர் சௌந்தரபாண்டியன். மதுரையில் மூன்று கல்யாண மண்டபம் வைத்திருப்பவன். இரண்டாவதாகச் செய்தவன் எங்கள் வேலாங்கண்மாய் ஊராட்சித் தலைவன் அழகுமலை, மூன்றாவதாகச் செய்தது ஊர், நான்காவதாகச் செய்தவள் என் வீட்டுக்காரி இருளாயி. எல்லாருக்கும் முறை வரும். ஆனால் முதல் பெயர் முதலில் வரவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் சாலை நகர்ந்ததிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சாலை நகர்வதற்கு முன்னால் முத்திருளாண்டி என்கிற என் வரப்பு உடைந்தது என்று ஒருவனும் சொல்வதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி கடைசியில், மழை விட்ட மறுநாள், கண்மாய் முக்கால்வாசி நிறைந்து, என் முக்கால் ஏக்கரில் நாற்று நட்டு ஒன்பது நாள் ஆகி, பயிர் அப்போதுதான் வேர் பிடித்துப் பச்சை திரும்பியிருந்த காலையில், நான் மடைவாயில் மண்வெட்டியோடு நின்றிருந்தேன். வயலை ஒட்டித் தார்ச்சாலை. அந்தச் சாலை போடுகிறபோது பதினோரு அடி அகலத்துக்கு என் நிலத்தைக் கொடுத்தவன் நான். கையெழுத்துப் போடத் தெரியாமல் கட்டைவிரலை வைத்துக் கொடுத்தேன். மழையில் குளித்துவிட்டு வந்தது போலக் கிடந்தது சாலை. ஒரு குழி இல்லை. அதில் ஒரு வண்டி வந்து நின்றது. நல்ல உயரம், நல்ல அகலம், யானை நிறம். கூட வந்த இரண்டு பேர் சாலையிலேயே இறங்கி ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே சௌந்தரபாண்டியன் மட்டும் இருந்தான். படுத்த எருமை எழுவது போல அந்த வண்டி நின்ற இடத்திலேயே ஒரு சாண் எழும்பியது. எழும்பி, அத்தனை நல்ல சாலையை விட்டு, வாய்க்காலில் இறங்கி, வரப்பில் ஏறி, என் பயிருக்குள் வந்தது.

பொய் சொல்லக்கூடாது, வண்டி நன்றாகத்தான் போனது. அதே சேற்றில் டிராக்டர் புதைந்து, இழுக்க வந்த டிராக்டரும் புதைந்து, இரண்டையும் எடுக்க ஊரே கயிறு பிடித்த இடம் அது. இந்த வண்டி வாழைத்தண்டில் கத்தி இறங்குவது போல இறங்கியது. வயலுக்குள் இரண்டு வட்டம் அடித்து, திரும்பவும் வரப்பில் ஏறியது. அது போன இடத்தில் வரப்பு இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்கு இல்லை. தண்ணீர் மடமடவென்று வாய்க்காலுக்கு ஓடியது.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது. உள்ளிருந்து மார்கழிக் காற்று வந்தது.

"என்ன பெரியவரே, எவ்வளவு வேணும்?"

"ஒண்ணும் வேணாம்யா. இறங்கி மூணு கூடை மண்ணை அள்ளி உடைப்புல போட்டுட்டுப் போங்க. கூடை நான் தாரேன்."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, விளையாட்டுப் பிள்ளை சிரிப்புதான், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "மண்ணுல கால் வைக்கக் கூடாதுன்னுதானே பெரியவரே இந்த வண்டியையே வாங்கினேன்" என்றான்.

மூன்று கூடை என்பது நான் உண்டாக்கின சட்டம் இல்லை. எங்கள் ஆயக்கட்டில் யார் வரப்பை யார் உடைத்தாலும், தெரிந்து உடைத்தாலும் தெரியாமல் உடைத்தாலும், மனிதன் உடைத்தாலும் அவன் மாடு உடைத்தாலும், உடைத்தவன் வெறுங்காலோடு வயலில் இறங்கி மூன்று கூடை மண் தன் தலையில் சுமந்து போடவேண்டும். மிச்ச மண்ணை யார் வேண்டுமானாலும் போடலாம். அந்த மூன்று கூடையை அடுத்தவன் போடக்கூடாது. என் பத்தொன்பதாம் வயதில் என் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி ஒரு வரப்பைச் சரித்தது. அழகுமலையின் அப்பன் வரப்பு அது. ஊர் பார்க்கச் சுமந்தேன். அந்த ஆள் இடுப்பில் கைவைத்து நின்று ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினார். மூன்றாவது கூடையை எட்டிப் பார்த்து, "விளிம்பு தட்டலையே, போய் நெறச்சுட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். போனேன். நிறைத்தேன். வந்தேன். ஆக மொத்தம் நான் போட்டது நாலு கூடை.

சௌந்தரபாண்டியன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சாலையைப் பார்த்துத் திரும்பினான். பத்தடி இருக்கும்போது சாலை விலகியது.

மிதிக்க வருகிறவனைப் பார்த்துக் கோழி ஒதுங்குமே, அப்படித்தான் ஒதுங்கியது. கருவேல மரங்களுக்குப் பின்னால் ஒரு வயல் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. செல்போன் பிடித்து நின்ற இரண்டு பேரும் சாலையோடு சேர்ந்து தள்ளிப் போனார்கள். அவர்களுக்குக் கால்கூடத் தடுமாறவில்லை. அவன் அந்த வயலையும் தாண்டிப் போனான், சாலை இன்னொரு வயல் தள்ளிப் போனது. பின்னால் வந்தால் சாலை பழைய இடத்துக்குத் திரும்பியது. மேற்கே போய்ச் சுற்றினான், கிழக்கே கரைமேல் ஏறி இறங்கினான், கண்மாய்க்குள் இறங்கி முகப்பு விளக்கு நனையத் தண்ணீரைக் கிழித்து அந்தப் பக்கம் ஏறினான். எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு வயல் மிச்சம் இருந்தது. சாயங்காலம் மினிபஸ் வந்ததும் கூட வந்தவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். அவன் அன்றிலிருந்து எங்கள் ஊரில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒன்று சொல்கிறேன், கணக்கு வையுங்கள். சாலை இத்தனை தடவை நகர்ந்திருக்கிறது, அது போய்ப் படுத்த வயலில் ஒரு கதிர் சாய்ந்ததில்லை. அந்த வண்டி போன வயலில் ஒரு கதிர் நின்றதில்லை. அப்படியிருக்க ஊர் யார்மேல் இரக்கப்பட்டது?

முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள். மினிபஸ் ஒரு பக்கமாகச் சாய்வது போல இருந்தால் கண்டக்டர், "பிடிச்சுக்கங்க, பாண்டியன் ரோட்டுக்கு வர்றார்" என்பார், கர்ப்பிணிகள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். காலையில் கண்மாய்க் கரைமேல் அவன் வண்டி போனால் ஏழு மணி என்று பெண்கள் உலை வைத்தார்கள். ஆடுகள் அவன் ஹாரனுக்கு நகர மறுத்தன. சுள்ளிக் கட்டைத் தூக்கி அவன் வண்டிமேல் போட்டார்கள், தண்ணீர்க் குடத்தை வைத்தார்கள், காலில் முள் குத்தினவனை ஏற்றிவிட்டார்கள்; அவனும் மாட்டேன் என்று சொல்லாமல் சாலை ஓரம் வரை, அதாவது சாலைக்கு ஒரு வயல் முன்னால் வரை, கொண்டுபோய் விட்டான். வண்டிக்குள் ஒரு திருகு இருக்கிறதாம். சேற்றுக்கு ஒரு பக்கம், மணலுக்கு ஒரு பக்கம், பாறைக்கு ஒரு பக்கம், பனிக்கு ஒரு பக்கம் திருப்ப வேண்டுமாம். ஊரே அதைப் பற்றிப் பேசியது.

"பனிக்கு எதுக்குடா திருகு? மப்ளர் கட்டுனாப் பத்தாதா?" என்றான் ஒருவன்.

"எல்லாத்துக்கும் திருகு வச்சவன் ரோட்டுக்கு ஒரு திருகு வைக்கலையே" என்றான் இன்னொருவன்.

நன்றாகச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவனாவது அவனிடம் போய், ஐயா இறங்கி அந்த மூன்று கூடையைப் போடுங்கள் என்று சொன்னானா? சொல்லவில்லை. மாறாக அவன் கால் மண்ணில் படாமல் இருக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் ஊர் செய்து கொடுத்தது. பம்புசெட் தொட்டியை ஒட்டி அவன் நேராக இறங்குவதற்கு வாகாகச் சிமெண்டு பூசிக் கொடுத்தார்கள். அங்கே குளித்தான், மற்ற காரியங்களுக்கு அங்கேயே தடுப்புக் கட்டிக் கொடுத்தார்கள். அய்யனார் கோவில் பாறை ஓரம் வண்டியை அணைத்து, பாறைமேல் இறங்கி, உட்கார்ந்து சாப்பிட்டான். பாறையிலிருந்து சாலைக்குப் பலகை அடுக்கி அவனை நடத்திக் கூட்டிப்போகக்கூடப் பார்த்தார்கள். பலகை நீள நீளச் சாலையும் தள்ளிப் போனது. நாற்பது பலகையோடு நின்றது. டீசல் அவன் மேனேஜர் மோட்டார் சைக்கிளில் கேனில் கொண்டுவந்தான். மேனேஜரால் சாலையில் வர முடிந்தது. சாலைக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை.

வண்டி விற்ற கம்பெனியிலிருந்து கழுத்துப் பட்டை கட்டின ஒரு ஆள் வந்தான். ஒரு நாள் முழுக்க வண்டியின் வயிற்றுக்குள் தலையைவிட்டுப் பார்த்துவிட்டு, "சார், வண்டியில ஒரு குறையும் இல்லை. நாங்க சொன்னதைவிட நல்லாவே ஓடுது" என்றான்.

"ரோட்டுல ஓடலையேப்பா."

"ரோடு எங்க கையில இல்லை சார். ரோடு இல்லாத இடத்துல ஓடும்னுதான் எழுதிக் கொடுத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு மினிபஸ் ஏறிப் போனான். இந்த விவகாரத்தில் நியாயமாகப் பேசின ஒரே ஆள் அவன்தான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் நான் வீட்டுக்குப் போகிறேன், கொல்லைப் பக்கம் வண்டி நிற்கிறது, என் வீட்டுக்காரி இருளாயி கண்ணாடி வழியாக ஒரு சொம்பை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னத்தடி குடுக்குற?"

"நீச்சத்தண்ணி. புள்ள முகம் வாடிக் கெடக்கு."

"என் பயிரு வாடிக் கெடக்கே, அதுக்கு ஊத்துனியா?"

"அதுக்கு ஊத்த விட்டியா நீ? அரை நாள் வேலை, வரப்பைக் கட்டாம வாயைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க. நான் ஊத்துனா எதுல நிக்கும்? ஒன் வீம்புலயா?"

அவன் உள்ளே இருந்து, "ஊறுகாய் பிரமாதம்மா" என்றான்.

அரை நாள் வேலைதான். எனக்குத் தெரியாதா? எழுபத்தோரு வயதிலும் அந்த உடைப்பை நான் ஒருவனே அடைத்திருப்பேன். அடைத்திருந்தால் அந்த வருஷம் எனக்குப் பதினெட்டு மூட்டை நெல். அடைத்துவிட்டால் அவன் உடைத்ததற்கு என்ன சாட்சி? உடைப்பு திறந்து கிடக்கிற வரைக்கும்தான் அவன் எனக்குக் கடன்பட்டவன். அதை நானே மூடிவிட்டால் நான் வெறும் வரப்புக் கட்டினவன். ஆகவே என் தண்ணீர் ஓடியது, என் பயிர் காய்ந்தது, ரேஷன் அரிசியை நான் தின்றேன். அழகுமலை ஒரு விடிகாலையில் நூறுநாள் வேலைப் பெண்களை இருபது பேர் கூட்டிக்கொண்டு உடைப்பை அடைக்க வந்தான். நான் போய் அந்த இடைவெளியில் குறுக்கே படுத்துக்கொண்டேன்.

"மாமா, எந்திரி மாமா. ஊருக்குக் கெட்ட பேரு."

"ஊரு உடைக்கல மாப்ளே. ஒடச்சவனை வரச்சொல்லு."

"பெரிய மனுஷன் மாமா அவரு. அவரைப் போயி கூடை தூக்கச் சொன்னா நல்லாவா இருக்கு?"

"ஒங்கப்பன் என்னையத் தூக்கச் சொன்னப்ப நல்லா இருந்துச்சா?"

பெண்கள் என்மேல் மண் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கூடையோடு நின்றார்கள். பிறகு என்னைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். பதினோரு மணிக்கு வருகைப் பதிவு எடுத்துவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள்.

தை மாதம் சௌந்தரபாண்டியனின் மகள் தமயந்திக்குக் கல்யாணம் வந்தது. மூன்று மண்டபம் வைத்திருக்கிறவன் மகளுக்கு மண்டபத்தில் கல்யாணம் நடக்க வழியில்லை, ஏனென்றால் மண்டபம் எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் முறைத்தார்கள், பிறகு வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு இடம் காற்றோட்டமாக இருக்கிறது என்றார்கள். ஊர் எடுத்துச் செய்தது. பந்தல் எங்கே போட்டார்கள் தெரியுமா? என் வயலில். "சும்மாதானே கெடக்கு மாமா" என்றான் அழகுமலை. சும்மா கிடக்கிறதாம்! எனக்குப் பத்திரிகை வைத்தார்கள், வேட்டி வைத்தார்கள், முதல் பந்தியில் இடம் வைத்தார்கள். நான் வேட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு உடைப்பில் போய் உட்கார்ந்தேன்.

மணவறையை ஒட்டி வண்டி நின்றது. தாலி கட்டினபோது கண்ணாடியை முழுக்க இறக்கி அட்சதை போட்டான். பிறகு பொண்ணும் மாப்பிள்ளையும் வண்டியைச் சுற்றி வந்து முன்பக்கம் விழுந்து கும்பிட்டார்கள். அவன் உள்ளே உட்கார்ந்து அழுதான். அதை நான் பார்த்தேன். முன்கண்ணாடித் துடைப்பான் ஒரு தடவை தானாக ஓடி நின்றது; கை பட்டிருக்கும்.

எழுந்த பொண்ணு நேராக என்னிடம் வந்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நலுங்கு வைத்த காலோடு வரப்பில் நடந்து வந்தாள்.

"தாத்தா, கூடையைக் குடுங்க. நான் போடுறேன்."

"வேணாம் தாயி."

"மூணு இல்ல, முப்பது போடுறேன். எங்கப்பாவை வீட்டுக்கு விடுங்க."

"நான் எங்க தாயி புடிச்சு வச்சிருக்கேன்? நீ போட்டா நிக்கும், நல்லாவே நிக்கும். ஆனா அது ஒன் மண்ணு. ஒன்மேல எனக்கு ஒரு வழக்கும் இல்ல. நீ ஏன் சுமக்கணும்?"

அவள் கேட்கவில்லை. கூடையைப் பிடுங்கி, குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். மருதாணி எல்லாம் சேறு. கல்யாணக் கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. "பாவி", "கல்நெஞ்சன்", "கல்யாணப் பொண்ணைப் போயி" என்றெல்லாம் குரல் வந்தது. இருளாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். என்னால் அந்தப் பெண்ணின் கையைப் பார்க்க முடியவில்லை, அதுவும் உண்மை.

அப்போது வண்டியின் கதவு திறந்தது.

கதவு திறந்ததும் கீழே இருந்து ஒரு படி தானாக வெளியே வந்தது. அதில் ஒரு கால் வந்தது. செருப்பு இல்லாத கால். வெளுத்துப்போய், பல நாள் ஈரத்துணியில் சுற்றி வைத்தது போல இருந்த கால். "தமயந்தி, வச்சிரும்மா. அப்பா வர்றேன்" என்றான். நாதஸ்வரம் நின்றது. அந்தக் கால் படியை விட்டுக் கீழே வரவர, கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த சாலை எழுந்து, மரங்களைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையைக்கூட அசைக்காமல், என் வரப்பு ஓரம் வரைக்கும் வந்து, மூச்சு விடாமல் நின்றது. தார் வாசனை எனக்கு அடித்தது. இன்னும் ஒரு சாண். அவன் கால் மண்ணைத் தொட ஒரு சாண். நான் கூடையை நிமிர்த்திப் பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணப் போவதில்லை, விளிம்பு தட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போவதில்லை, எப்படிப் போட்டாலும் சரி என்று சொல்லிவிடப் போகிறேன் என்றெல்லாம் அந்த ஒரு சாண் நேரத்தில் நினைத்தேன்.

அழகுமலை ஓடி வந்தான். "ஐயா, ஐயா, சேறு, சேறு" என்று கத்திக்கொண்டே வந்து, தோளில் கிடந்த புதுத் துண்டை உதறி, அந்தக் காலுக்கு அடியில் விரித்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் துண்டை விரித்தான். மாப்பிள்ளை வீட்டார் மணவறைக் கம்பளத்தையே உருவிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் மரியாதை! கெடுக்க நினைத்து ஒருவனும் செய்யவில்லை, எங்கள் ஊருக்குப் பெரிய மனுஷன் கால் மண்ணை நோக்கி வந்தால் கை சும்மா இருக்காது, தாத்தன் காலத்திலிருந்து அப்படித்தான். சௌந்தரபாண்டியன் கால் துண்டில் பட்டது. பட்ட கால் அங்கேயே நின்றது. அவன் குனிந்து பார்த்தான். துண்டு, அதற்கப்புறம் இன்னொரு துண்டு, கம்பளம், சிவப்பாக, சுத்தமாக, வரிசையாக.

"தூக்கிப் போடுங்கடா அதை!" என்று நான் கத்தினேன். "ஐயா, துண்டை விட்டு எறங்குங்க, ஒரே எட்டு, மண்ணுல ஒரே எட்டு வைங்க!"

அவன் என்னைப் பார்த்தான். மூன்று மாதத்தில் அவன் என் முகத்தைச் சரியாகப் பார்த்தது அன்றுதான். சாலை நடுங்கியது. அவன் அழகுமலையைப் பார்த்தான், கையைக் கட்டி நின்ற ஊரைப் பார்த்தான், இத்தனை பேர் இத்தனை துணியை விரித்த பிறகு அதை ஒதுக்கிவிட்டு மண்ணில் இறங்குகிற மனிதனாக இருப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. காலை எடுத்துக்கொண்டான். படி உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. சாலை வந்த வழியே, ஒரு இலையைக்கூட அசைக்காமல், மரங்களுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

அதற்கும் ஊர் என்னைத்தான் ஏசியது. நான் கத்தினதால் அவர் கூச்சப்பட்டுவிட்டாராம். அழகுமலை துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "கெடுத்தியே மாமா" என்றான். அந்தத் துண்டு இன்று வரை அவன் வீட்டில் கொடியில் தொங்குகிறது. பெரியவர் கால் பட்ட துண்டாம், துவைக்க மாட்டானாம். அந்தப் பொண்ணு மட்டும் போகும்போது அவள் அள்ளின மண்ணை உடைப்பில் போடாமல், கூடையோடு என் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது உங்ககிட்டயே இருக்கட்டும் தாத்தா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையோடு சாலையில் ஏறிப் போனாள்.

அந்த மண்ணை நான் வயலில் கொட்டிவிட்டேன். கூடையைக் கவிழ்த்து வைக்கவில்லை.

அதற்குப் பிறகு இது இரண்டாவது ஐப்பசி. கண்மாய் நிறைந்திருக்கிறது. என்னைச் சுற்றி எல்லா வயலும் பச்சை, என் வயலில் கோரை. வண்டியின் பெயிண்ட் கருவேல முள்ளில் கீறி மீன் செதில் போல ஆகிவிட்டது, ஆனாலும் ஓடுகிறது, இன்னும் சேற்றில் இறங்குகிறது, கரையில் ஏறுகிறது, நல்ல வண்டி. நேற்றுக் காலை ஏழு மணிக்குக் கரையிலிருந்து இறங்கி என் உடைப்புக்கு எதிரில் வந்து நின்றது. கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது. மார்கழிக் காற்று வந்தது.

"பெரியவரே, எனக்குப் பேரன் பிறந்திருக்கான்."

"நல்லா இருக்கட்டும்."

"மதுரையில இருக்கான். பார்க்கணும்."

"பாருங்க."

அவன் கண் கூடையில் இருந்தது. "ஒண்ணு போட்டா போதாதா?" என்றான்.

"மூணு" என்றேன்.

கண்ணாடி ஏறவில்லை, கதவும் திறக்கவில்லை. தூரத்தில் கரைமேல் அழகுமலை தோளில் வேறொரு துண்டோடு ஓடி வந்துகொண்டிருந்தான். நான் எழுந்து, கூடையை எடுத்து, வண்டிக்குப் பக்கத்தில், படி வந்து நிற்கிற இடத்தில், வெறும் சேற்றின்மேல் வைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன். கூடை அங்கேதான் இருக்கிறது. மூன்று பாக்கி.